நிலப் பதிவேட்டுல கருப்பசாமி மகன் பழனிசாமின்னா எந்தப் பழனிசாமிங்க?

ஏனுங்க, ஒரே ஊருல நாலு பழனிசாமி இருக்கறது என்ன புதுசா? பழனிக்குக் காவடி எடுக்கற சீமை இது. சென்னிமலைப் பக்கம் சென்னியப்பன், மருதமலை அடிவாரத்துல மருதாசலம், திருச்செங்கோட்டுல அர்த்தநாரி. இதுக்கு மேல அப்பாரு, அதாவது தாத்தா, பேரை மூத்த பேரனுக்கு வெக்கற வழக்கம் வேற. அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் மூத்தது பையனாப் பொறந்தா ரெண்டும் பழனிசாமிதான். பங்காளிக் காடும், அதாவது வெவசாய நெலமும், பக்கத்துப் பக்கத்துலதான் கெடக்கும்.

ஊருக்குள்ள இதுல ஒரு குழப்பமும் இல்ல. புளியாந்தோட்டத்துப் பழனிசாமி, கெணத்துமேட்டுப் பழனிசாமின்னு சொன்னா சின்னப் பையன் கூட வீட்டைக் காட்டுவான். அந்தத் தோட்டத்துப் பேருக்குத்தான், நெலம் யாரு பேருல இருக்குன்னு சொல்ற சிட்டாவுல இடமில்ல! ‘கருப்பசாமி மகன் பழனிசாமி’, அதோட முடிஞ்சுது. பேரு மாறி மாறி வர்ற குடும்பத்துல தாத்தாவும் கருப்பசாமி மகன் பழனிசாமி, பேரனும் கருப்பசாமி மகன் பழனிசாமி. செத்துப்போன தாத்தா பட்டாவைப் பேரனோட பட்டான்னு காட்டினா, வாரிசுச் சான்று கேட்க ஆளில்ல. அத்தைமாருக்குப் பங்கு இருக்குங்கறதே மறைஞ்சு போகுது. இது சின்ன விசயமா?

1979-லிருந்து 1987 வரைக்கும் நெலப் பதிவேட்டைப் புதுப்பிக்க நடந்த யு.டி.ஆர்.ல ஒருத்தர் காடு இன்னொருத்தர் பேருக்கு ஏறியிருந்தா, அது அப்படியே கம்ப்யூட்டருக்கும் வந்திருக்கும். திருத்தப் போனா பெரும்பாலும் தாசில்தாரோட முடியாது. கோட்டாட்சியர், மாவட்ட வருவாய் அலுவலர்னு மனு மேல மேல போகும். எழுதினவங்க கைத்தப்புக்கு அலையறது காட்டுக்காரர்!

நெலத்து மேல பதிவான கிரயம், அடமானம் எல்லாம் காட்டற வில்லங்கச் சான்றுல நடக்கறது இன்னும் கொடுமை. 214/2-ங்கற புல எண் காடு பாகம் பிரிஞ்சு 2ஏ, 2பி ஆகியிருக்கும். பழைய 214/2-ன்னு போட்டுத் தேடினா பங்காளி வெச்ச அடமானமும் சேர்ந்து வரும், எழுதிக்கொடுத்தவர் பழனிசாமின்னு. கடன் கேட்டுப் போனா பேங்க் வக்கீல் உடனே கையை விரிச்சுருவாரு. பேரை மட்டும் பார்த்துட்டு எப்படிங்க முடிவு பண்றீங்க? அதே பதிவுல ஆவண எண், வருசம், விஸ்தீரணம், நாலு எல்லை எல்லாம் இருக்குதே! 1 ஏக்கர்னா சிட்டாவுல 0-40.50, அதாவது 40.50 ஏர்ஸ்னு வரும். அடமானத்துல 2 ஏக்கர்னு இருந்தா அது இந்தக் காடு இல்லைன்னு அங்கயே சந்தேகம் வரவேண்டாமா? வடக்கே வண்டித்தடமா, பங்காளி காடான்னு அந்த நாலு எல்லையைச் சொல்ற செக்குபந்தியை ரெண்டு நிமிசம் படிச்சா வெளங்கிரும். அதுலயும் தீரலைன்னா சார்பதிவாளர் ஆபீசுல கைரேகைப் பதிவேடு இருக்குது. பேரு ஒண்ணா இருக்கலாம், ரேகை ஒண்ணா இருக்காது.

அதனால இப்ப பாகம் எழுதறவங்களாவது, பத்திரத்துல தோட்டத்துப் பேரையும் அப்பாரு பேரையும் சேர்த்து எழுதச் சொல்லுங்க. பழைய புல எண், புது உட்பிரிவு ரெண்டும் வரணும். பழனிச்சாமியா பழனிசாமியான்னு ஆதாரைப் பக்கத்துல வெச்சு எழுத்து எழுத்தாப் பாருங்க. ஒரு ‘ச்’ கூடிப்போனா, ரெண்டும் ஒரே ஆள்தான்னு சான்று வாங்க விஏஓ ஆபீசு வாசல்ல நிக்கணும்.

அதே ஆபீசுக்காரங்கதான், ரெண்டு வேற வேற ஆளு ஒரே பேருல வந்தா, கண்ணை மூடிட்டு ஒருத்தர்னு எழுதிக்கறாங்க!