போலி நோட்டின் நட்டம் யார் தலையில்?

கள்ள நோட்டுக் கும்பல்கள் எல்லை தாண்டி இயங்கும் விதத்தை நான் படித்த ஒரு கட்டுரை நன்றாக விளக்குகிறது. ஆனால் அந்த நட்டம் கடைசியில் யார் தலையில் விடிகிறது என்பதைத் தொடவில்லை. மும்பை தாராவியில் மளிகைக் கடை நடத்துபவன் என்ற முறையில் அதைச் சொல்கிறேன்.

வங்கியில் செலுத்தும் பணத்தில் போலி 500 ரூபாய் இருந்தால், காசாளர் அதில் முத்திரை குத்திப் பறிமுதல் செய்து, ஒப்புகைச் சீட்டுத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஈடாகப் பணம் கிடைக்காது. ஒரே பரிவர்த்தனையில் நான்கு தாள்கள் வரை சிக்கினால் வங்கி மாதமொருமுறை காவல்துறைக்கு மொத்தமாக அறிக்கை அனுப்பும். ஐந்தோ அதற்கு மேலோ இருந்தால்தான் முதல் தகவல் அறிக்கை. இது தெரியாததால், ஒரே ஒரு தாளுக்குக்கூட வழக்கு வந்துவிடும் என்று அஞ்சி, 'திருப்பிக் கொடுங்கள், கிழித்துவிடுகிறேன்' என்று கெஞ்சுபவர்கள் உண்டு.

விடியற்காலையில் தெருத்தெருவாக இட்லி விற்பவருக்கு ஒரு தாள் போனால் அன்றைய லாபமே போயிற்று. இன்னொருவரிடம் தள்ளிவிட அவருக்குத் தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால் போலி என்று தெரிந்தபின் மாற்றினால், இந்தியாவின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 179ஆம் பிரிவின்படி ஆயுள் தண்டனை வரை விதிக்கலாம்.

தாளின் ஓரங்களில் தடவினால் உணரும்படி மேடாக அச்சிட்ட கோடுகள் உண்டு; கசங்கிய தாளில் அந்த மேடு தேய்ந்துவிடுவதால், நான் நோட்டைச் சாய்த்து, பாதுகாப்பு இழை பச்சையிலிருந்து நீலமாக மாறுகிறதா என்றுதான் பார்க்கிறேன். மாலை நெரிசலில் வாடிக்கையாளர் முகம் சுளித்தாலும் (சுளிக்கத்தான் செய்கிறார்கள்) அதை விடுவதில்லை.