பின்வாசல் படியில் என் மகன்

ஆட்டிசம் உள்ள பிள்ளையைக் கோவிலுக்குக் கூட்டிப் போவதே பெரிய சோதனை என்று ஒரு தாய் சொல்லியிருந்ததை ஒரு கட்டுரையில் படித்தேன். அது அப்படியே என் கதை. நாங்கள் ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடம் பக்கம். வீட்டுக்காரர் விசைப்படகில் மீன்பிடிக்கப் போகிறவர். மகனுக்கு 9 வயது.

எங்கள் சர்ச் பூசையில் மைக் சத்தம் கேட்டாலே இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கத்துவான். பின்வாசல் படியில் உட்கார வைத்துவிட்டால் போதும், சட்டைப்பையில் இருக்கும் சிப்பிகளை எடுத்துச் சின்னதிலிருந்து பெரிது வரை வரிசையாக அடுக்குவான். நற்கருணை முடிந்ததும் சாமியாரே படிக்கு வந்து அவன் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டுப் போகிறார்.

பெற்றவர்கள் செய்த பாவம் என்று சொந்தக்காரர்களே சொன்னார்கள். யோவான் 9ஆம் அதிகாரத்தில் பிறவிக் குருடனைப் பார்த்துச் சீடர்கள் கேட்டதும் இதே கேள்விதான். இவனும் பாவம் செய்யவில்லை, பெற்றோரும் செய்யவில்லை என்றார் ஆண்டவர். அதைப் பிடித்துக்கொண்டுதான் எத்தனையோ ராத்திரி தூங்கியிருக்கிறேன்.

ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்பா வீட்டில் இருந்தால் பிள்ளைக்குச் சந்தோஷம்தானே என்பார்கள். இவனுக்கு அன்றாட ஒழுங்கு மாறினால் தாங்காது, முதல் வாரம் சரியாகச் சாப்பிடமாட்டான். அப்புறம் பழகிவிடும். அந்த இரண்டு மாதமும் வருமானம் இல்லாவிட்டாலும் அவர்தான் ராமநாதபுரத்துக்குத் தெரபிக்குக் கூட்டிப் போவார்.

இன்னொன்று. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் இருக்கிறது. சான்றிதழ், அடையாள அட்டை இரண்டையும் வாங்கிவிடுங்கள். மத்திய அரசின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் தெரபியும் அடங்கும். இது தெரியாமல் நாங்கள் மூன்று வருடம் கைக்காசைச் செலவழித்தோம்.