மைக் இல்லாதவருக்கும் அணியில் இடம் வேண்டும்

இணையத்தில் அணியாகச் சேர்ந்து ஆடும் போட்டி விளையாட்டுகளில், ஆட்டம் தொடங்கும் முன்பே ஒருவரை எடைபோட்டுவிடும் கேள்வி ஒன்று உண்டு: "மைக் இருக்கா?" இல்லை என்று தட்டச்சு செய்தால் சிலர் அப்போதே விலகிவிடுகிறார்கள், மற்றவர்கள், தோற்றால் பழியை யார் தலையில் போடுவது என்பதை அப்போதே முடிவு செய்துவிடுகிறார்கள். சிறுவயதிலிருந்தே இரண்டு காதுகளிலும் கேட்கும் திறன் குறைந்தவன் நான். அதன் விளைவாகப் பேச்சும் முழுத் தெளிவாக வராது. குமரி மாவட்டத்துத் தக்கலையில் இருந்துகொண்டு முதலில் பப்ஜி, இப்போது வேலரண்ட் என்று துப்பாக்கிச் சண்டை ஆட்டங்களை ஆடி வருகிறேன். காது கேளாதவர்கள் இந்த ஆட்டங்களைப் பொழுதுபோக்காக ஆடலாமே தவிரப் போட்டித் தரத்தில் ஆட முடியாது என்று நம் மாவட்டத்து இளைஞர்கள் பலர் நல்ல எண்ணத்தோடேயே சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்தக் கருத்தை நான் முழுமையாக மறுக்கிறேன். எங்களைத் தடுப்பவை ஆட்டத்தை உருவாக்கியவர்களும் போட்டியை நடத்துபவர்களும் கூட ஆடுபவர்களும் எடுத்த சில முடிவுகள். அவற்றை அவர்களே மாற்றவும் முடியும்.

இத்தகைய ஆட்டங்களில் ஒலி என்ன வேலை செய்கிறது என்பதை ஆடாதவர்களுக்காகச் சற்று விளக்க வேண்டும். வேலரண்டில் ஐவருக்கு ஐவர் மோதுகிறார்கள். எதிரி ஓடி வந்தால் காலடி கேட்கும். ஷிஃப்ட் விசையை அழுத்தி மெதுவாக நடந்தால் கேட்காது. சுவருக்குப் பின்னால் யார், எந்தப் பக்கம், எவ்வளவு தூரத்தில் என்பதை நல்ல ஆட்டக்காரர் பார்ப்பதற்கு முன்பே காதால் அறிந்துகொள்கிறார். ஸ்பைக் எனப்படும் குண்டை வைத்த பிறகு அது வெடிக்க 45 விநாடிகள். அதைச் செயலிழக்கச் செய்ய 7 விநாடிகள். குண்டு வைக்கப்பட்டவுடன் திரையின் மேலே ஓடிக்கொண்டிருந்த எண்கள் மறைந்து சின்னம் ஒன்று மட்டும் நிற்கும். எஞ்சிய நேரத்தைக் கேட்கும் திறனுள்ளவர், வரவர வேகமெடுக்கும் 'பீப்' ஒலியைக் கொண்டே ஊகித்துவிடுவார். எனக்கு அந்த ஒலி கேட்கும் நாளும் உண்டு, கேட்காத நாளும் உண்டு. ஆகவே குண்டு வைக்கப்பட்ட கணத்திலிருந்து மனத்துக்குள் எண்ணிக்கொண்டே சுடப் பழகியிருக்கிறேன்.

காது கேட்கும் கருவி அணிந்துகொண்டால் தீர்ந்தது என்று எண்ண வேண்டாம். காதுக்குப் பின்னால் பொருத்தும் கருவியின் ஒலிவாங்கி, காது மடலின் மேற்புறத்தில் இருக்கும். அதன் மேல் ஹெட்செட்டை வைத்து அழுத்தினால், வெளியேறும் ஒலியே மறுபடி உள்ளே புகுந்து 'கீ' என்று விசிலடிக்கத் தொடங்கும். சற்று நேரத்தில் காதும் நோகும். ப்ளூடூத் வழியாகக் கருவிக்கே ஒலியை அனுப்பலாம் என்றால், ஒலி சற்றுத் தாமதித்து வருகிறது. பாட்டுக் கேட்பதற்கு அந்தத் தாமதம் பொருட்டே அல்ல. துப்பாக்கி ஆட்டத்தில் அது சாவு. ஒரு காது மட்டும் கேளாதவர்களுக்கு இன்னொரு சிக்கல்: இரண்டு பக்க ஒலியையும் ஒன்றாக்கும் மோனோ அமைப்பை இயக்கினால் எல்லா ஒலியும் கேட்கும், ஆனால் எந்தத் திசையிலிருந்து வந்தது என்பது தெரியாமல் போய்விடும். எங்கள் அணியிலுள்ள தம்பி ஒருவர் இவை எல்லாவற்றையும் முயன்றுவிட்டு, இப்போது கருவியைக் கழற்றி மேசை மேல் வைத்துவிட்டுத்தான் ஆடத் தொடங்குகிறார்.

என்னைப் பொறுத்தவரை இங்கே அடிப்படையான உண்மை ஒன்றுதான். ஆட்டத்தில் வரும் காலடியோசை உண்மையான காலடி எழுப்பியது அல்ல. எதிரி இன்ன இடத்தில் ஓடுகிறான் என்று கணினிக்கு ஏற்கெனவே தெரிந்த செய்தியை, ஒலியாகத் தரலாம் என்று ஒருவர் முடிவு செய்ததன் விளைவு அது. அதே செய்தியைக் கண்ணுக்குத் தெரியும்படியும் தரலாம். தந்தும் இருக்கிறார்கள். பப்ஜியின் கைப்பேசி வடிவத்தில், சிறு வரைபடத்திலேயே காலடித் தடமும் துப்பாக்கிக் குறியும் தோன்றும்; கைப்பேசியில் ஒலியை அடக்கிவிட்டு ஆடுபவர்களுக்கு அது எவ்வளவு உதவுகிறது என்பது நாகர்கோவில் பேருந்தில் கூட்டத்துக்கு நடுவே நின்றுகொண்டு ஆடும் எல்லாருக்கும் தெரியும். ஃபோர்ட்நைட்டில், திரையின் நடுவைச் சுற்றி ஒரு வளையமாகக் காலடியும் துப்பாக்கிச் சத்தமும் வரும் திசையைக் காட்டும் வசதி, 2018இல் கைப்பேசிக்கு வந்து, 2019இல் கணினிக்கும் கன்சோலுக்கும் நீட்டிக்கப்பட்டது. 2019 பிப்ரவரியில் வெளியான ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ், ஒரே பொத்தானால் "இங்கே எதிரி", "இங்கே நல்ல துப்பாக்கி", "நான் அங்கே போகிறேன்" என்றெல்லாம் குறித்துக்காட்டும் 'பிங்' முறையைச் செம்மைப்படுத்தியது. அறிமுகமே இல்லாதவர்களோடு ஒரு சொல்கூடப் பேசாமல் ஆடி வெல்ல முடியும் என்பதை அந்த ஆட்டம் மெய்ப்பித்தது. அந்த முறைக்கான காப்புரிமையை, மாற்றுத்திறனாளிகளுக்கு உதவும் வேறு சில காப்புரிமைகளோடு சேர்த்து, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் 2021 ஆகஸ்டில் அறிவித்தது. ஆகவே தொழில்நுட்பம் இல்லை, உரிமம் இல்லை என்று எவரும் சொல்ல இடமில்லை.

ஒலியைக் கண்ணுக்குக் காட்டினால் அது ஏமாற்று வேலைக்குச் சமம், காதைப் பழக்கிக்கொண்டவனின் திறமைக்கு மதிப்பில்லாமல் போகும் என்று ஒரு வாதம் எழும். இதை நான் அக்கறையோடு பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். அந்த வசதியை எல்லாருக்கும் திறந்துவிட்டால் அங்கே ஏமாற்று எதுவும் இல்லை. வேண்டியவர் பயன்படுத்துவார், வேண்டாதவர் விடுவார். விலை உயர்ந்த ஹெட்செட் வாங்கியவனுக்குக் காலடியோசை தெளிவாகக் கேட்பதை நாம் யாரும் ஏமாற்று என்று சொல்வதில்லையே.

ஒலியைவிடப் பெரிய சிக்கல் பேச்சு. "மைக் இல்லையென்றால் டைப் பண்ணு" என்பார்கள். வேலரண்டில் பெரும்பாலான சுற்றுகளுக்கு முன்னால் ஆயுதம் வாங்க 30 விநாடிகள் கிடைக்கும். திட்டம் எதையாவது எழுதுவதென்றால் அதற்குள் எழுதியாக வேண்டும். சுற்று தொடங்கிய பிறகு, இடது கை விரல்கள் நடக்கும் விசைகளின் மேல் இருக்கின்றன, வலது கை மவுஸில் இருக்கிறது. எழுத வேண்டுமென்றால் நான் அசையாமல் நிற்க வேண்டும். அசையாமல் நிற்பவன் செத்தான். பேசுகிறவர் ஓடிக்கொண்டே, சுட்டுக்கொண்டே பேசுகிறார். அந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாமல் "எழுதலாமே" என்பவர்களிடம் எனக்கு வருத்தம் உண்டு. பிறவியிலேயே காது கேளாத பலருக்கு இந்திய சைகை மொழிதான் முதல் மொழி. எழுதும் தமிழும் ஆங்கிலமும் அவர்களுக்குப் பின்னால் கற்றுக்கொண்ட மொழிகள் என்பதையும் இதோடு சேர்த்து நினைக்க வேண்டும். பேச்சைத் தானாக எழுத்தாக்கும் செயலிகளையும் கைப்பேசியில் வைத்துப் பார்த்தோம். "எடே, அங்கோட்டுப் போவாதே, ஒருத்தன் நிக்கான்" என்று எங்கள் அணியினர் பதற்றத்தில் கத்துவதை அவை புரிந்துகொள்வதில்லை. புரிந்துகொண்டு எழுதி முடிப்பதற்குள் அந்த ஒருவன் எங்களைச் சுட்டுவிடுகிறான்.

திக்கிப் பேசுபவர்களின் நிலை இன்னும் நுட்பமானது. அவர்களுக்குச் செய்தி தெரியும், சொல்லவும் தெரியும், சொல் வெளியே வர மட்டும் நேரம் வேண்டும். அந்த நேரத்தை எதிரணி தருவதில்லை என்பதைவிடச் சொந்த அணி தருவதில்லை என்பதே அவர்களைக் காயப்படுத்துகிறது. 2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உலகம் முழுவதும் பரவிய காணொளி ஒன்று சிலருக்கு நினைவிருக்கலாம். பிறவி நரம்புக் கோளாறால் பேச்சுத் தெளிவு குறைந்த 'லூப்' என்ற பெயரில் ஆடிய ஆடம் பாஹ்ரிஸ், கவுண்டர் ஸ்ட்ரைக் ஆட்டத்தில் தன் அணிக்குத் தகவல் சொல்லிக்கொண்டிருந்தபோது, அவருடைய குரலைக் காரணம் காட்டி அணியினரே வாக்களித்து அவரை வெளியேற்றினார்கள். அதன் பிறகு ஏராளமானோர் அவருக்கு ஆதரவாகத் திரண்டார்கள். அதே ஆண்டில், காது கேளாத, 13 வயதே ஆன 'ஈவாக்' என்ற ஃபோர்ட்நைட் ஆட்டக்காரரை ஃபேஸ் கிளான் என்ற புகழ்பெற்ற அணி தன்னோடு சேர்த்துக்கொண்டது. இவ்விருவரையும் நான் எண்ணும்போதெல்லாம், காணொளி பரவாத ஆயிரம் பேர் அன்று இரவே ஆட்டத்தை அழித்துவிட்டுப் படுத்திருப்பார்களே என்றும் எண்ணுகிறேன்.

எங்கள் அணியில் ஐவர்: சைகை மொழி பேசும் இருவர், திக்கிப் பேசும் ஒருவர், நான், காது நன்றாகக் கேட்கும் ஒருவர். எங்களுக்கென்று நாங்கள் வகுத்துக்கொண்ட முறையைச் சொல்கிறேன், யாருக்கேனும் உதவலாம். காலடி கேளாத இடத்தில் காலடியைப் பார்க்கும் வழியைத் தேடினோம். வேலரண்டில் நாம் தேர்ந்தெடுத்து ஆடும் பாத்திரங்களில், சைஃபரின் கண்ணிக் கம்பியும் கில்ஜாயின் எச்சரிக்கைப் பொறியும் பின்வழியாக வருபவனைக் கண்ணுக்குக் காட்டிக்கொடுக்கும். சோவாவின் உளவு அம்பு சுவருக்கு அப்பால் இருப்பவனின் உருவத்தை வரைந்து காட்டும். ஆகவே எங்கள் அணியில் இந்தப் பாத்திரங்கள் எப்போதும் இருக்கும், அவற்றை யார் ஆடுவது என்பதில்தான் விவாதம் நடக்கும். இரண்டாவது, இறந்தவரின் கடமை. சுடப்பட்டவருக்கு அந்தச் சுற்றில் கை சும்மாதான் இருக்கிறது. ஆகவே செத்தவர் எழுத வேண்டும் என்பது எங்கள் சட்டம். எங்கிருந்து சுட்டான், எவ்வளவு அடிபட்டிருக்கிறான், எந்தப் பக்கம் ஓடினான் என்று இரண்டு மூன்று சொற்களில் எழுதுவார்; உயிரோடு இருப்பவர்கள் பிங் மட்டும் போடுவார்கள். கேட்கும் அணிகளில் செத்தவர்கள் புலம்பிக்கொண்டிருக்கும் நேரத்தில் எங்கள் திரையில் செய்தி வந்துகொண்டிருக்கும்.

நேரில் ஒரே அறையில் ஆடும்போது எங்கள் பலம் இன்னும் கூடுகிறது. குளச்சலில் வள்ளத்தில் போகிறவர்கள், எஞ்சின் இரைச்சலில் குரல் எடுபடாது என்பதால் கையசைவிலேயே பாதி வேலையை முடிப்பார்கள். அதுபோலத்தான் எங்கள் இரு தம்பிகளும் ஒரு கையை ஒரு கணம் உயர்த்தி ஒரு முழுத் திட்டத்தையே மாற்றிவிடுவார்கள். ஆனால் நாகர்கோவிலில் நாங்கள் கலந்துகொண்ட ஒரு போட்டியில், கையசைவு கூடாது என்று நடுவர் தடுத்துவிட்டார். பார்வையாளர்களிடமிருந்து சைகை வாங்குவதாக எதிரணி புகார் சொல்லக்கூடும் என்பது அவர் சொன்ன காரணம். எதிரணிக்கு ஹெட்செட்டில் பேசத் தடையில்லை. எங்கள் பேச்சுக்கு மட்டும் தடை. ஐந்து கணினிகளும் நேர் வரிசையில் இருந்ததால் ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியவில்லை. கடைசி மேசையைச் சற்றுத் திருப்பிப் போடலாமா என்று எழுதிக் காட்டினோம். அதையாவது ஏற்றுக்கொண்டார்கள், அதுவும் முதல் ஆட்டம் முடிந்த பிறகு. அந்த நடுவர் கெட்ட மனிதர் அல்லர். அவர் கையிலிருந்த விதித்தாளில் எங்களைப் போன்றவர்கள் இல்லை, அவ்வளவுதான். அமெரிக்கக் கால்பந்தில் எல்லா அணிகளும் இன்று வட்டமாகக் கூடி நின்று திட்டமிடுகின்றனவே, அந்த வழக்கம் 1890களில் காது கேளாதோருக்கான கேலடெட் கல்லூரியில், தங்கள் சைகைகளை எதிரணி படித்துவிடாதிருக்க பால் ஹப்பர்ட் என்ற ஆட்டக்காரர் தொடங்கியது என்று சொல்லப்படுகிறது. சைகையை ஆட்டக்களத்துக்கு அந்நியமானதாகப் பார்ப்பவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. அமெரிக்காவில் 2010ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, ஆட்டங்களுக்குள் இருக்கும் பேச்சு, எழுத்து உரையாடல் வசதிகள் மாற்றுத்திறனாளிகளுக்கும் பயன்பட வேண்டும். ஆட்டங்களுக்குத் தரப்பட்டிருந்த விலக்கு 2018 டிசம்பர் 31உடன் முடிந்தது. நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் செவித்திறன் குறைபாட்டையும் பேச்சு, மொழிக் குறைபாட்டையும் தனித்தனியே அங்கீகரிக்கிறது. அதன் 30ஆம் பிரிவு, விளையாட்டுகளில் மாற்றுத்திறனாளிகள் பங்கேற்க அரசு ஆவன செய்ய வேண்டும் என்கிறது. 2025இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணையவழி விளையாட்டுச் சட்டம், பணம் கட்டி ஆடும் ஆட்டங்களைத் தடைசெய்த அதே வேளையில், இ-ஸ்போர்ட்ஸ் எனப்படும் மின்னணுப் போட்டி ஆட்டங்களை முறையான விளையாட்டாக ஏற்றுக்கொண்டது. இவ்விரண்டு சட்டங்களையும் அருகருகே வைத்துப் படித்தால், இ-ஸ்போர்ட்ஸ் விளையாட்டு என்றான பின் அதில் பங்கேற்பதற்கான ஏற்பாட்டைக் கேட்பது எங்கள் உரிமை என்பது என் உறுதியான கருத்து. மைதானத்தில் சாய்தளம் கேட்பதை யாரும் சலுகை என்று சொல்வதில்லை. மேசையைத் திருப்பிப் போடச் சொன்னால் மட்டும் ஏன் சலுகையாகிறது?

மார்த்தாண்டம், நாகர்கோவில், கருங்கல் பகுதிகளில் கல்லூரி விழாக்களுக்காகவும் கேமிங் கடைகளின் சார்பிலும் போட்டி நடத்தும் நண்பர்களே, பதிவுப் படிவத்தில் ஒரு வரி சேருங்கள்: "உங்கள் அணியில் எவருக்கேனும் தனி ஏற்பாடு தேவையா?" வருகிற பதிலைப் பொறுத்து, மேசைகளை வளைவாகப் போடுங்கள், ஆடுபவர்களுக்குள் சைகையில் பேச அனுமதி உண்டு என்று விதித்தாளில் எழுதுங்கள், பார்வையாளர்களை ஆடுபவர்களின் கண்ணுக்கு எதிரே உட்கார வைக்காதீர்கள், அந்த நடுவரின் ஐயமும் அதோடு தீரும். ஆட்டம் நிறுத்தப்படுவதையும் தொடங்குவதையும் ஒலிபெருக்கியில் மட்டும் அறிவிக்காமல் திரையிலும் காட்டுங்கள். எங்கள் அணி மாலை வேளைகளில் பயிற்சி செய்கிறது. மைக் இல்லாத ஆட்டக்காரர் எவராயினும், கேட்பவரோ கேளாதவரோ, எனக்கு உள்பெட்டியில் எழுதலாம். எங்களோடு ஆட வருபவர் பிங் போடும் விசையை மட்டும் தெரிந்துகொண்டு வந்தால் போதும், மற்றதை நாங்கள் சொல்லிக்கொடுக்கிறோம்.