போச்சா, போகலையா?

பணம் அனுப்பும் பட்டனை அழுத்தியாயிற்று. வட்டம் சுற்றுகிறது. அந்த நேரம் பார்த்து லிஃப்ட் கதவு மூடிக்கொள்ள, சிக்னல் போய்விடுகிறது. அரை நிமிடம் கழித்துத் திரையில் "ஏதோ தவறு நடந்துவிட்டது, மீண்டும் முயலவும்" என்று வருகிறது. இப்போது அந்த ஆள் மறுபடி அழுத்த வேண்டுமா, கூடாதா?

இணையத்தில் மக்கள் அன்றாடம் படும் அவஸ்தைகளில் இவ்வளவு பரவலான இன்னொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் புராடக்ட் செய்பவர்கள் கூடிப் பேசும்போது இந்தப் பேச்சே வராது. புது வசதி, புது நிறம், ஏஐயை எங்கே நுழைக்கலாம் என்றே நேரம் போய்விடும். டெமோ காட்டும் அறையில் வைஃபை எப்போதும் நன்றாக இருப்பதுதான் இதற்குக் காரணம் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

நான் சொல்ல வருவது இதுதான். ஆப் சர்வருக்கு அனுப்பும் எந்த ரிக்வெஸ்டுக்கும் (கோரிக்கைக்கும்) முடிவு மூன்று: நடந்தது, நடக்கவில்லை, நடந்ததா என்று தெரியவில்லை. நாம் எழுதும் கோடில் பெரும்பாலும் முதல் இரண்டுக்குத்தான் இடம் இருக்கிறது. சக்சஸ் ஒரு பக்கம், எர்ரர் ஒரு பக்கம். காத்திருக்கும் கெடு முடிந்து டைம்அவுட் வந்தால் அதையும் தூக்கி எர்ரர் பக்கம் போட்டுவிடுகிறோம். அங்கேதான் செயலி பயனரிடம் பொய் சொல்ல ஆரம்பிக்கிறது.

போனிலிருந்து கிளம்பிய ரிக்வெஸ்ட் போகும் வழியில் தொலைந்திருக்கலாம். அல்லது சர்வருக்குப் போய், வேலையும் முடிந்து, 'முடிந்தது' என்ற பதில் திரும்பி வரும் வழியில் தொலைந்திருக்கலாம். போனில் உட்கார்ந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, இரண்டுமே மௌனம்தான். இது புதிய கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. ஒரே நேரத்தில் தாக்குவதற்காக எதிரியின் பள்ளத்தாக்கு வழியே தூதனை அனுப்பிப் பேசிக்கொள்ளும் இரண்டு தளபதிகள், எத்தனை தூது போய் வந்தாலும் 'மற்றவனும் கட்டாயம் கிளம்புவான்' என்று உறுதியாக நம்பவே முடியாது என்ற புதிர் 1975-லேயே எழுதப்பட்டது. 1978-இல் கணினி விஞ்ஞானி ஜிம் கிரே அதற்கு 'இரு தளபதிகள்' என்று பெயர் வைத்தார். 1994-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸில் இருந்த பீட்டர் டாய்ச் தொகுத்த, கோடு எழுதுபவர்கள் நெட்வொர்க் பற்றிப் போடும் தப்புக்கணக்குகளின் பட்டியலில் முதல் வரியே 'நெட்வொர்க் நம்பகமானது' என்பதுதான். இத்தனை வருடம் கழித்தும் அதே தப்புக்கணக்கில்தான் கோடு எழுதிக்கொண்டிருக்கிறோம்.

சர்வர் பக்கமே இந்த மௌனத்தை உண்டாக்குவதும் உண்டு. முன்னால் என்ஜின்எக்ஸ் (ரிக்வெஸ்டை வாங்கிப் பின்னாலுள்ள செயலிக்குக் கடத்தும் வெப் சர்வர்) நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இருக்கும் செயலியிடமிருந்து ஒன்றுமே வராவிட்டால் அது இயல்பாக 60 விநாடி பொறுத்துப் பார்க்கும். மாத அறிக்கை தயாரித்து மெயில் அனுப்ப 70 விநாடி ஆகிறது. 60-ஆவது விநாடியில் பயனருக்கு 504, அதாவது 'பின்னாலிருந்து பதில் வரவில்லை' என்ற பிழை எண், போய்விடும். பின்னால் இருக்கும் வேலைக்கு இது பெரும்பாலும் தெரியாது; அது பாட்டுக்கு ஓடி, 70-இல் முடிந்து, மெயிலையும் அனுப்பிவிடும். பயனர் அதற்குள் இன்னும் இரண்டு தடவை அழுத்தியிருப்பார். மொத்தம் மூன்று மெயில். 'பயனர் பலமுறை அழுத்தினார்' என்று டிக்கெட்டை மூடிவிடுவார்கள். வெளியே காத்திருப்பவரின் கெடு உள்ளே வேலை செய்பவரின் கெடுவைவிட அதிகமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கு மேல் இழுக்கும் வேலை என்றால் உடனே 202 ('ஏற்றுக்கொண்டேன், வேலை இன்னும் முடியவில்லை') கொடுத்து, கூடவே ஒரு வேலை எண்ணையும் கொடுத்துவிட்டு, நிலவரத்தைத் தனியாகக் கேட்டுக்கொள்ளச் செய்யுங்கள்.

காலக்கெடுவை யாரோ வைத்திருப்பார்கள் என்று நம்பி இருக்காதீர்கள். பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரி நாமாகச் சொல்லாதவரை கெடு வைக்காது. கோ மொழியின் இயல்பான எச்டிடிபி (இணையத்தில் கேட்டுப் பதில் பெறும் நெறிமுறை) கிளையண்டும் அப்படித்தான். பிரவுசரில் ரிக்வெஸ்ட் அனுப்பும் ஃபெட்ச்சுக்கு வரையறையிலேயே கெடு கிடையாது. பிரவுசர் தானாகச் சலித்துக் கைவிட்டால்தான் உண்டு. இன்னும் கீழே போனால், லினக்ஸ் கர்னல் புது இணைப்புக்குப் பதில் வராவிட்டால் இடைவெளியை நீட்டிக்கொண்டே பலமுறை திரும்ப முயன்று, இயல்பாக இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் கழித்துத்தான் கையை விரிக்கும். இரண்டு நிமிடம் வட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார யாருக்குப் பொறுமை இருக்கிறது? 1993-இல் பயன்பாட்டு எளிமை வல்லுநர் யாக்கோப் நீல்சன் எழுதிய அளவு இன்றும் செல்லும்: 0.1 விநாடிக்குள் வந்தால் உடனே நடந்ததாகத் தோன்றும், 1 விநாடி வரை எண்ண ஓட்டம் அறாது, 10 விநாடி தாண்டினால் கவனம் வேறு எங்கோ போய்விடும். இணைப்புக்கு 3 முதல் 5 விநாடி, பதிலுக்கு 10 முதல் 15 விநாடி என்று தொடங்குவது என் பழக்கம். பதில் வராவிட்டாலும் பத்தாவது விநாடியில் திரை வாயைத் திறந்து ஏதாவது சொல்லியாக வேண்டும்.

சரி, தெரியவில்லை என்றால் என்னதான் செய்வது? பயனர் அல்ல, ஆப்பே தைரியமாக மறுபடி அனுப்ப வேண்டும். மறுபடி அனுப்பினாலும் கெடுதல் வராதபடி சர்வரை முன்னாலேயே கட்டி வைத்திருக்க வேண்டும். எச்டிடிபியில் கெட் (எடு), புட் (இந்த இடத்தில் வை), டிலீட் (அழி) மூன்றையும் எத்தனை முறை அனுப்பினாலும் விளைவு ஒன்றுதான் என்பது விதி. புதிதாக ஒன்றைச் செய்யச் சொல்லும் போஸ்டுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. பணம், ஆர்டர், பதிவு எல்லாம் அந்த போஸ்டில்தான் போகிறது. ஆகவே ஒவ்வொரு செயலுக்கும் ஓர் அடையாளச் சாவி தேவை. ஐடெம்பொட்டன்சி கீ என்று சொல்வோமே, அது. 128 பிட் யூயூஐடி (இன்னொன்றோடு மோதாதபடி உருவாக்கும் அடையாள எண்) ஒன்றே போதும்.

கருத்தாக இது எளிது. வழுக்குவது எழுதும்போதுதான்.

முதல் இடறல், சாவியை எப்போது உருவாக்குவது என்பதில். பட்டனை அழுத்தும்போது உருவாக்கினால் ஒவ்வொரு அழுத்தலுக்கும் புதுச் சாவி வரும். அப்போது சாவி இருந்தும் இல்லாத மாதிரிதான். படிவம் திறக்கும்போதே உருவாக்கி, அனுப்புவதற்கு முன்பே போனின் சேமிப்பில் எழுதிவிட வேண்டும். அனுப்பிய மறு கணம் ஆண்ட்ராய்டு உங்கள் ஆப்பைக் கொன்றாலும், திரும்பத் திறக்கும்போது அதே சாவி கையில் இருக்க வேண்டும் என்பதற்காக.

அடுத்தது சர்வரில். 'இந்தச் சாவி ஏற்கெனவே இருக்கிறதா' என்று டேட்டாபேஸில் செலக்ட் போட்டுத் தேடிப் பார்த்து, இல்லையென்றால் இன்சர்ட் (சேர்ப்பு) செய்வது என்று எழுதியிருப்பார்கள். இரண்டு ரிக்வெஸ்ட் 20 மில்லிவிநாடி இடைவெளியில் வந்தால் இரண்டுமே 'இல்லை' என்ற பதிலைத்தான் பார்க்கும், இரண்டுமே உள்ளே போகும். சாவிக் கட்டத்துக்கு, ஒரே மதிப்பு இரண்டு தடவை வரவிடாத யூனிக் கட்டுப்பாடு போட்டு, நேராக இன்சர்ட் செய்யுங்கள். இரண்டாவதை டேட்டாபேஸே தடுக்கட்டும். சாவியை எழுதுவதும் உண்மையான வேலையும், நடந்தால் இரண்டும் நடக்கும், இல்லையென்றால் இரண்டும் நடக்காது என்ற ஒரே டிரான்சாக்‌ஷனில் இருக்க வேண்டும். தனித்தனியாக இருந்தால் நடுவில் சர்வர் விழும்போது சாவி இருக்கும், பணம் போயிருக்காது; அல்லது நேர்மாறாக ஆகும். கொடுத்த பதிலையும் கூடவே சேமித்து வையுங்கள். இரண்டாம் முறை வருபவருக்கு 'ஏற்கெனவே செய்தாயிற்று' என்ற அதட்டல் எதற்கு? முதல் பதிலையே அப்படியே கொடுத்துவிடலாம். அதே சாவியோடு வேறு தொகை வந்தால் மட்டும் மறுத்துவிட வேண்டும். அதற்கு ரிக்வெஸ்டின் ஹாஷையும் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சுருக்க அடையாளம்) வைத்திருந்தால் போதும். உள்ளிருந்து இன்னொரு நிறுவனத்தின் சேவையைக் கூப்பிடுகிறீர்கள் என்றால் உங்கள் டிரான்சாக்‌ஷன் அங்கே செல்லாது. அவர்களுக்கும் ஒரு சாவி கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

சாவியை எத்தனை நாள் வைத்திருப்பது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. பணம் வசூலித்துத் தரும் ஸ்ட்ரைப் நிறுவனம் குறைந்தது 24 மணி நேரம் வைத்திருக்கிறது. அதைப் பார்த்து நாமும் 24 என்று வைத்துவிட்டு, போனில் அனுப்பக் காத்திருக்கும் ரிக்வெஸ்டுகளின் வரிசை மட்டும் ஒரு வாரம் திரும்பத் திரும்ப முயலும்படி விட்டால்? மூன்று நாள் அணைந்து கிடந்த போன் உயிர் பெற்று அதே ஆர்டரை அனுப்பும். சர்வரில் அந்தச் சாவி இருக்காது. இரண்டாவது ஆர்டர் விழும். போன் முயலும் காலத்தைவிட சர்வர் நினைவில் வைத்திருக்கும் காலம் அதிகமாக இருக்க வேண்டும்.

திரும்ப முயல்வதிலும் ஒரு நிதானம் வேண்டும். 'கேட்டதில்தான் தவறு' என்று சர்வர் சொல்லும் 400 வரிசைப் பிழைகளைத் திரும்ப அனுப்பிப் பயனில்லை, 408 (நேரம் கடந்துவிட்டது), 429 (அளவுக்கு மேல் கேட்கிறாய்) தவிர. 429-இல் எவ்வளவு நேரம் கழித்து வரலாம் என்று சர்வர் சொல்லியிருந்தால் அதற்குக் கட்டுப்படுங்கள். மற்றவற்றுக்கு 1, 2, 4, 8 விநாடி என்று இடைவெளியைக் கூட்டுவதோடு, அதில் கொஞ்சம் தாறுமாறும் கலக்க வேண்டும். ஐந்து நிமிடம் படுத்திருந்த சர்வர் எழுந்திருக்கும் நொடியில் ஆயிரக்கணக்கான போன்கள் ஒரே தாளத்தில் கதவைத் தட்டினால் அது திரும்பப் படுத்துவிடும். ஆப் மூன்று தடவை, நடுவில் ரிக்வெஸ்டை வாங்கிக் கடத்தும் கேட்வே மூன்று தடவை, அதற்குப் பின்னால் உள்ள சேவை மூன்று தடவை முயன்றால், கடைசியில் இருக்கும் பாவப்பட்ட டேட்டாபேஸுக்கு ஓர் அழுத்தலுக்கு 27 அடி. ஏதாவது ஓர் அடுக்கில் மட்டும் முயலுங்கள், அது போதும்.

எழுதுகிறவர்களின் துயரம் தனி. நாற்பது வரி அடித்து அனுப்பியதும் பெட்டி காலியாகிவிடும், ரிக்வெஸ்ட் தோற்றுப்போகும், நாற்பது வரியும் காற்றோடு போயிற்று. சர்வர் 'வந்து சேர்ந்தது' என்று சொல்லும்வரை பெட்டியில் இருப்பதைத் தொடாதீர்கள். அடிப்பதை நிறுத்திய அரை விநாடியில் வரைவை உள்ளூரில் சேமியுங்கள். பக்கம் மறையும் விசிபிலிட்டி நிகழ்விலும் ஒருமுறை சேமியுங்கள். பக்கத்தை மூடும்போது வரும் பிஃபோர்அன்லோட் நிகழ்வை மொபைலில் நம்ப முடியாது. பிரவுசரின் லோக்கல் ஸ்டோரேஜில் ஒரு தளத்துக்குச் சுமார் 5 எம்பி இடம் கிடைக்கும், எழுத்துக்கு அது தாராளம். ஆனால் அது பெட்டகம் இல்லை: 2020 மார்ச் முதல், சஃபாரியைப் பயன்படுத்தும் 7 நாளில் உங்கள் தளத்தின் பக்கம் வராதவர்களின் சேமிப்பை அது அழித்துவிடுகிறது. வாய்ப்புக் கிடைத்தவுடன் வரைவையும் சர்வருக்கு அனுப்பிவிடுவதே நல்லது.

'நெட் இருக்கிறதா' என்று பிரவுசரிடம் கேட்டு முடிவெடுப்பதும் வேண்டாம். ஆம் என்று அது சொன்னால், ஏதோ ஒரு நெட்வொர்க்கில் ஒட்டியிருக்கிறது என்று மட்டுமே பொருள். விமான நிலைய வைஃபை, மறையாக்கம் இல்லாத பழைய முகவரி ஏதாவது உங்கள் ஆப்பில் மிச்சம் இருந்தால், அதன் ரிக்வெஸ்டைப் பிடித்து லாகின் பக்கத்தை, 'சரி' என்று பொருள்படும் 200 என்ற எண்ணோடே திருப்பி அனுப்பும். எண்ணை மட்டும் பார்த்துப் பச்சை டிக் போடும் ஆப்பை என்ன சொல்வது? பதிலுக்குள் நாம் எதிர்பார்க்கும் சாவி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு டிக் போடலாம்.

திரையில் என்ன காட்டுவது என்பதில் வாட்ஸ்அப்பிடம் கற்கலாம். கடிகாரம், ஒற்றை டிக், இரட்டை டிக். இன்னும் போனை விட்டுக் கிளம்பவில்லை, சர்வருக்குப் போயிற்று, அவர் போனுக்குப் போயிற்று. ஒரு நகக்கண் அளவு இடத்தில் உண்மை நிலவரம் முழுவதும் இருக்கிறது. யாரும் யாருக்கும் வகுப்பெடுக்கவில்லை. லைக் போன்றவற்றுக்கு அழுத்தியதும் சிவப்பாக்கிவிட்டுப் பின்னால் மெதுவாக அனுப்பலாம். தோற்றால் பெரிய இழப்பில்லை. பணத்தில் அந்த விளையாட்டு கூடாது. அங்கே எழுத வேண்டிய வாசகம்: "பதில் இன்னும் வரவில்லை. நாங்களே சரிபார்க்கிறோம், மறுபடி அனுப்ப வேண்டாம்." எழுதியபடியே ஆப் அதே சாவியோடு பின்னணியில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். 'ஏதோ தவறு நடந்துவிட்டது' என்ற வாசகத்தை உங்கள் கோடில் தேடிப் பாருங்கள். அது கிடைக்கும் ஒவ்வொரு இடத்திலும் யாரோ யோசிப்பதைப் பாதியில் நிறுத்தியிருக்கிறார்கள்.

சோதிப்பதற்கு குரோமில் நெட்டை மெதுவாக்கிப் பார்ப்பது ஆரம்பத்துக்கு நல்லதுதான். ஆனால் மெதுவாகப் போவது வேறு, பாக்கெட் (தரவுத் துண்டு) தொலைவது வேறு. லினக்ஸில் நெட்வொர்க் கோளாறைப் போலிசெய்யும் நெட்எம் கொண்டு 300 மில்லிவிநாடித் தாமதமும் 5 சதவீத இழப்பும் வைத்து ஆப்பை அரை மணி நேரம் ஓட்டுங்கள். ஆப்பிள் கருவிகளில் நெட்வொர்க் லிங்க் கண்டிஷனரில் 100 சதவீத இழப்பே இருக்கிறது. இவற்றையெல்லாம்விட எனக்குப் பிடித்த சோதனை ஒன்று உண்டு. சோதனைச் சர்வரில் கமிட் முடிந்த (டேட்டாபேஸில் மாற்றம் நிலையாகப் பதிந்த) அடுத்த வரியில், பதில் அனுப்பும் முன், 30 விநாடித் தூக்கம் ஒன்றைச் செருகுங்கள். பட்டனை அழுத்தி, ஐந்தாவது விநாடியில் போனை ஏரோபிளேன் மோடுக்கு மாற்றி, ஆப்பையும் மூடிவிடுங்கள். திரும்பத் திறந்து, நெட்டை விட்டு, ஒரு நிமிடம் கழித்து டேட்டாபேஸைப் பாருங்கள். ஒரே ஒரு பதிவு இருக்க வேண்டும், போனில் 'முடிந்தது' என்று இருக்க வேண்டும்.

வெளியிட்ட பிறகு ஒரு எண்ணை மட்டும் கண்காணியுங்கள்: ஒரே சாவி இரண்டாம் முறை வந்தது ஒரு நாளில் எத்தனை தடவை? நிறையப் பேர் பயன்படுத்தும் செயலியில் அது பூஜ்யமாகவே இருந்தால் நெட் நன்றாக இருக்கிறது என்று மகிழ்ந்துவிடாதீர்கள். யாரோ ஒரு டெவலப்பர் சாவி உருவாக்கும் வரியைப் பட்டன் அழுத்தும் ஃபங்ஷனுக்குள் நகர்த்தியிருக்கிறாரா என்று முதலில் போய்ப் பாருங்கள்.