ஃபாஸ்டஸையும் ஷைலாக்கையும் நோட்ஸிலிருந்து வெளியே எடுக்க

பி.ஏ., எம்.ஏ. ஆங்கில இலக்கிய வகுப்பில் மார்லோவோ ஷேக்ஸ்பியரோ வந்தால் முதல் சில வகுப்புகள் எதில் போகின்றன என்பது தெரிந்ததுதான். மறுமலர்ச்சியின் இயல்புகள், ஆசிரியர் வாழ்க்கை, கதைச்சுருக்கம். நாடகத்தைத் திறக்கும்போதே முடிவு தெரிந்துவிட்டால் அப்புறம் எதற்கு வாசிக்க வேண்டும்? கைடே வேண்டாம் என்று சொல்லவில்லை. அதைக் கடைசியில் கொடுங்கள். முதலில் கொடுக்க வேண்டியது அந்தக் காலத்து நடிகன் கையில் இருந்த அதே பொருள்: அவன் வசனம் மட்டும் எழுதிய தாள் சுருள்.

அன்று ஒவ்வொரு நடிகனுக்கும் முழு நாடகத்தைக் கையால் படியெடுத்துக் கொடுப்பது கட்டுப்படியாகாது. அவனவன் பேச்சு மட்டும் இருக்கும். ஒவ்வொரு பேச்சுக்கும் முன்னால் ஒரு கோடும், எதிராளி முடிக்கும் கடைசி இரண்டு மூன்று சொற்களும். அதுதான் க்யூ. யார் சொல்வார், எவ்வளவு நேரம் கழித்துச் சொல்வார், எதுவும் இருக்காது. எட்வர்ட் ஆலன் என்ற அந்தக் காலப் பெரிய நடிகருக்கு ‘ஆர்லாண்டோ ஃப்யூரியோசோ’ நாடகத்தின் ஆர்லாண்டோ வேடத்துக்காகக் கொடுத்த சுருள் இன்றும் லண்டன் டல்விச் கல்லூரியில் இருக்கிறது.

செய்வது எளிது. ஃபோல்ஜர் ஷேக்ஸ்பியர் நூலகத்தின் தளத்தில் நாடகங்கள் வேர்டு கோப்பாகவே இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு வேடத்தின் வசனத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழியுங்கள். க்யூ மூன்று சொல்லுக்கு மேல் போக வேண்டாம். நீளமானால் மாணவர் காதால் கேட்பதை விட்டுவிட்டுக் கண்ணால் தேட ஆரம்பிப்பார். அந்த வேடம் உள்ளே வருவது, போவது தவிர வேறு மேடைக்குறிப்பு கூடாது. எழுத்து 14 புள்ளி. ஆறு அங்குல அகலத்தில் வெட்டி நீளவாக்கில் ஒட்டிப் பென்சிலில் சுற்றினால் சுருள் தயார்.

தொடங்க நல்ல காட்சி ‘வெனிஸ் வணிகன்’ மூன்றாம் அங்கம், மூன்றாம் காட்சி. சின்னது. கடன் கொடுத்த ஷைலாக், அதைத் திருப்பித் தர முடியாமல் பிடிபட்ட அன்டோனியோ, அன்டோனியோவின் நண்பன், சிறைக்காவலர், அவ்வளவுதான். (நண்பன் பெயர் பதிப்புக்குப் பதிப்பு சொலானியோ, சலாரினோ, சலேரியோ என்று மாறும். வகுப்பில் ஒரே பதிப்பாக வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அதற்கே அரைமணி போகும்.) நண்பனின் முதல் வசனத்துக்கு க்யூ ‘ஹேவ் மை பாண்ட்’, அதாவது கடன் பத்திரப்படி எனக்கு வரவேண்டியது வேண்டும் என்பது. ஆனால் ஷைலாக் அந்த மூன்று சொல்லையும் அதற்கு முன்பே நான்கு முறை சொல்கிறான். ஐந்தாவதுதான் உண்மையான க்யூ. சுருளை மட்டும் வைத்திருக்கும் மாணவர் முதல் தடவையே வாயைத் திறப்பார். ஷைலாக் நிறுத்தாமல் அவர் மேல் ஏறிப் பேசுவான். ‘பேசாதே, கேட்க மாட்டேன்’ என்று அவன் கத்துவது அப்போதுதான் வகுப்புக்கு உறைக்கும். யாராலும் அவனைக் குறுக்கிட முடியாது என்பதை உரைநூல் ஒரு பக்கம் எழுதும். இங்கே அது நடந்தே காட்டுகிறது. சிறைக்காவலருக்கு ஒரு வசனமும் கிடையாது, ஆனால் ஷைலாக் அவரைத் திரும்பத் திரும்ப விளிக்கிறான். வெறும் தாளோடு நிற்பவர் அந்தத் தர்மசங்கடத்தைத் தானே நடித்துவிடுவார்.

இது சொதப்புவது பெரும்பாலும் ஆசிரியரால்தான். முந்தின நாளே காட்சியைப் படித்துவர அனுமதித்தால் ஒன்றும் நடக்காது. தவறாக நுழைந்தவரை ‘இப்ப இல்லம்மா’ என்று திருத்தினால் அதோடு முடிந்தது. முதல் ஓட்டத்தில் வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள். இரண்டாவது ஓட்டத்துக்குப் பிறகு பேசலாம்.

சாத்தானுக்கு ஆன்மாவை விற்றவனின் கதையான மார்லோவின் ‘டாக்டர் ஃபாஸ்டஸ்’ நாடகத்துக்கு வேறு தொல்லை. 1604 பதிப்பு ஒன்று, 1616 பதிப்பு ஒன்று. பின்னதில் 36 வரி குறைந்து 676 வரி புதிதாகச் சேர்ந்திருக்கிறது. 1602இல் நாடக அரங்க உரிமையாளர் ஹென்ஸ்லோ இந்த நாடகத்தில் புதுச் சேர்க்கைகளுக்காக பேர்ட், ரௌலி என்ற இருவருக்கும் 4 பவுண்டு கொடுத்ததாக அவர் கணக்குப் புத்தகத்திலேயே இருக்கிறது. பாடநூல் ஒரு பதிப்பாகவும் கைடு இன்னொன்றாகவும் இருந்தால், மாணவர் தன் புத்தகத்திலேயே இல்லாத வரியை மேற்கோள் காட்டுவார். கண்டுபிடிக்க இரண்டு நிமிடம் போதும். கடைசித் தனிமொழியில் வானத்தில் கிறிஸ்துவின் ரத்தம் ஓடும் வரி இருந்தால் 1604. ரோமில் போப்புக்குப் போட்டியாக நிறுத்தப்பட்ட புருனோ என்ற எதிர்ப் போப் வந்தாலோ, விடிந்ததும் மாணாக்கர் ஃபாஸ்டஸின் கிழிந்த உறுப்புகளைப் பார்த்தாலோ 1616. எல்லாமே இருந்தால் யாரோ கலந்து கட்டிய பதிப்பு, தள்ளி வையுங்கள். இலவச மின்னூல் தரும் கூடன்பர்க் தளத்தில் இரண்டும் தனித்தனியாகவே கிடைக்கின்றன.

கடைசித் தனிமொழியை இரு பதிப்பிலிருந்தும் எடுத்து ஒரே தாளில் பக்கம் பக்கமாக அச்சிட்டுக் கொடுங்கள். முன்னதில் ‘என் கடவுளே, என் கடவுளே’ என்று அலறுகிறான். பின்னதில் அந்த இடத்தில் ‘விண்ணே, கருணை காட்டு’. இடையில் 1606இல் ஒரு சட்டம் வந்தது: மேடையில் கடவுள் பெயரை அவமதிப்பாகச் சொன்னால் ஒவ்வொரு முறைக்கும் 10 பவுண்டு அபராதம். தணிக்கை பற்றி மேற்கொண்டு நீங்கள் சொற்பொழிவு ஆற்றத் தேவையே இருக்காது.

மேடையைப் படத்தில் காட்டாதீர்கள், தரையில் போடுங்கள். 1600இல் லண்டனில் ஃபார்ச்சூன் என்ற நாடக அரங்கம் கட்டப் போட்ட ஒப்பந்தம் அப்படியே கிடைத்திருக்கிறது. மேடை 43 அடி அகலம், பார்வையாளர் நிற்கும் 55 அடி முற்றத்தின் நடுவரை, அதாவது 27½ அடி நீட்டம். மைதானத்தில் கயிறு பிடித்துச் சுண்ணாம்புக்கோடு போடுங்கள். இரண்டு மூலைவிட்டமும் 51 அடி வந்தால் செவ்வகம் சரி. பின்னால் இரண்டு கதவு, நடுவில் இரண்டு தூணுக்கு இரண்டு பேர். மூன்று பக்கமும் பார்வையாளர், பட்டப்பகல் வெளிச்சம். கதவிலிருந்து முன்விளிம்புக்கு நடக்கவே இரண்டு மூன்று வரி ஆகும். ‘இதோ அவன் வருகிறான்’ என்று யாராவது ஏன் முன்கூட்டியே சொல்கிறார்கள் என்பது அங்கே நின்றால் புரியும். தனிமொழியை வானத்தைப் பார்த்துப் பேசுபவரைத் தடுத்து, எதிரில் இருக்கும் ஒருவர் முகத்தைப் பார்த்துப் பேசச் சொல்லுங்கள். திரைப்பட குளோசப்பில் இது கிடைக்காது, அதனால் படம் போடுவதை இதற்குப் பிறகு வைத்துக்கொள்வதே நல்லது.

அந்தக் கோட்டுக்குள்ளேயே ஃபாஸ்டஸின் கடைசி மணிநேரத்தை ஓட்டலாம். பொருள் எதுவும் தேவையில்லை, பள்ளிக்கூட மணி ஒன்று போதும். பதினொன்று அடித்ததும் பேச்சு தொடங்குகிறது, நடுவில் அரைமணி, பிறகு பன்னிரண்டு. இரண்டாவது அரைமணிக்கு வரிகள் முதலாவதைவிடக் குறைவு. நேரம் வேகமாக ஓடுவதை மார்லோ வரிக் கணக்கிலேயே வைத்திருக்கிறார். மணி அடிப்பவருக்கும் ஒரு சுருள் கொடுங்கள், க்யூ மட்டும் உள்ளதாக. ஃபாஸ்டஸ் பேசுபவரின் தாளில் மணி எங்கே என்று குறிக்காதீர்கள். அடிப்பவர் அவர் முதுகுப் பக்கம் நிற்கட்டும்.