வேலை பழகும் பையனைத் தனியாக அனுப்பாதீர்கள்

"சின்ன வேலைதான், யாராவது ஒரு பையனை அனுப்பி விடுங்கள்" என்று, சென்னையில் வீட்டு மின்வேலை எடுத்துச் செய்யும் என்னைப் போன்றவர்களுக்குத் தினமும் அழைப்பு வருகிறது. நாங்களும் அனுப்பிவிடுகிறோம். ஐ.டி.ஐ.யில் இரண்டாண்டு எலக்ட்ரீஷியன் படிப்பை முடித்து ஆறு மாதம்கூட ஆகாதவன், டெஸ்டரும் கட்டிங் பிளேயருமாக முன்பின் தெரியாத வீட்டுக்குத் தனியாகப் போகிறான். இது தவறு. நானே செய்த தவறு என்பதால்தான் எழுதுகிறேன்.

மூன்றாண்டுகளுக்கு முன் ஒரு மழைக்காலத்தில், வில்லிவாக்கத்து வீடொன்றில் குளியலறை வாசலில் இருந்த சுவிட்சை மாற்ற, என்னிடம் வேலை பழகிய பையனை அனுப்பினேன். சொல்லிக்கொடுத்தபடி மெயினை இறக்கியிருக்கிறான். இறக்கிய நொடியே இன்வெர்ட்டர் அந்த லைனுக்கு மின்சாரம் கொடுக்கத் தொடங்கியது அவனுக்குத் தெரியவில்லை. செருப்பை வாசலில் விட்டிருந்தான். நம் வீடுகளில் அதுதானே மரியாதை. ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று பேஸ் வயரைத் தொட்டதும் கை இறுகிக்கொண்டது, குரல் எழவில்லை. முழங்கால் மடங்கி, உடம்பின் எடை கையை இழுத்ததால்தான் பிழைத்தான். அந்த வீட்டு அம்மா சமையலறையிலிருந்து வந்தபோது அவன் தரையில் கிடந்தான்.

டெஸ்டர் வைத்துப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்க்கவில்லை, மெயினை இறக்கிவிட்டோம் என்ற நம்பிக்கை. அனுபவமுள்ளவன் இறக்கிய பிறகும் சந்தேகப்படுவான், அந்தச் சந்தேகம் இன்னொருவர் பக்கத்தில் நின்று வேலை பார்த்தால்தான் ஒட்டிக்கொள்ளும்.

நம் வீட்டு 9 வாட் எல்.இ.டி. பல்பு ஏறக்குறைய 40 மில்லி ஆம்பியர் எடுக்கிறது. அதில் கால் பங்கு உடம்பில் பாய்ந்தாலே பிடித்த கையை விட முடியாமல் போகலாம். அப்போது சுவிட்சை அணைக்க இன்னொரு கை வேண்டும். இதயத் துடிப்பு நின்றுவிட்டால், 108 வண்டி நெரிசலைக் கடந்து வரும்வரை மார்பை விடாமல் அழுத்திக்கொண்டிருக்கவும் ஆள் வேண்டும்.

நான் பெரம்பூரில் வேலை பழகிய காலத்தில், என் மேஸ்திரி ஃபியூஸ் கேரியரை, அதாவது ஃபியூஸ் கம்பி மாட்டிய கட்டையைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் என்னை ஏணியில் ஏற்றுவார். அவராக வந்து மாட்டினால்தான் கரண்ட் வரும். இன்று ஃபேன் ஓடவில்லையே என்று வீட்டில் இருக்கும் யார் வேண்டுமானாலும், இப்போது ஃபியூஸுக்குப் பதிலாக இருக்கும் எம்.சி.பி. சுவிட்சைத் தூக்கிவிடலாம். அந்த இடத்தில் நின்று தடுக்க ஒரு பெரியவர் இல்லாவிட்டால் பையன் என்ன செய்வான்?

இரண்டு பேர் போனால் கூலி கூடும், உண்மைதான். அதைக் கேட்டு வாங்க நமக்கு வாய் வர வேண்டும். வீட்டுக்காரர்களும் அதைப் பேராசை என்று நினைக்காமல் இருக்க வேண்டும், ரப்பர் காலணியோடு உள்ளே வர அவனை விட வேண்டும். நேற்றும் அயனாவரத்திலிருந்து ஒருவர் உடனே பையனை அனுப்பச் சொன்னார். மாலையில் நானும் அவனுமாக வருகிறோம் என்றேன். அவர் வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொண்டார்.