பேனா யார் கையில்?

திருவாரூர் மாவட்டத்தில் ஒரு கலைக் கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறேன். முதலாமாண்டில் அறுபது பேர். பலர் தங்கள் வீட்டின் முதல் பட்டதாரியாகப் போகிறவர்கள். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்துவிட்டு, ஜூன் மாதத்தில் திடீரென்று ஆங்கிலப் புத்தகத்தின் முன் உட்காருகிறார்கள். வடுவூர், கோட்டூர், திருத்துறைப்பூண்டியிலிருந்தெல்லாம் பஸ் பிடித்து வருகிறார்கள். கடைசி இரண்டு வரிசைக்கு அவர்களே வைத்திருக்கும் பெயர் ‘கடைமடை’. அந்தப் பெயரை முதன்முதலில் கேட்ட நாளில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆற்றில் தண்ணீர் திறந்துவிட்டதாகச் செய்தி வந்த பிறகும் தங்கள் வயல் நனையக் காத்திருந்த வீட்டுப் பிள்ளைகள் வைத்த பெயர் அது.

விரிவுரையைக் குறைத்தேன். நான்கு நான்கு பேராக உட்காரவைத்துக் கணக்குகளைப் பேசித் தீர்க்கச் சொன்னேன். பதினைந்து குழுக்களை ஒருத்தியால் சுற்றிவர முடியாது. அதனால் மூன்றாமாண்டில் நல்ல மதிப்பெண் வாங்கிய இருவரை அழைத்து, “தம்பி தங்கைகளுக்குக் கொஞ்சம் சொல்லிக்கொடுங்கள்” என்றேன். அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை.

அன்றைய கேள்வி எளியது. மேலே எறிந்த பந்து உச்சியைத் தொடும் கணத்தில் அதன் முடுக்கம், அதாவது வேகம் மாறும் வீதம், என்ன? ஒரு பெண் ‘சுழியம்’ என்று எழுதியிருந்தாள். நான் அழைத்த இருவரில் ஒருவன் அவள் கையிலிருந்த பேனாவை வாங்கி, அந்த விடையை அடித்துவிட்டு, “9.8, கீழ்நோக்கி. இதுகூடத் தெரியாதா?” என்று எழுதிக்கொடுத்துவிட்டு அடுத்த குழுவுக்குப் போய்விட்டான். விடை சரி. மறுவாரம் அந்தப் பெண் கடைமடைக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அவன்மேல் எனக்குக் கோபமில்லை. அவனுக்குத் தெரிந்த கற்பித்தல் அதுதான். அவனுக்கு நாங்கள் செய்ததும் அதுதான். தயார்படுத்தாமல் அனுப்பியது என் தவறு.

மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லித்தருவது நமக்குப் புதிதல்ல. திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை இருந்தான். 1789இல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர்களின் பள்ளிப் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், இங்கே பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு அதைத் தம் பள்ளியில் கொண்டுவந்தார். மாணவனே மாணவனுக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் வளர்த்தார். 1797இல் அதை லண்டனில் நூலாக்க, ‘மெட்ராஸ் முறை’ என்று இங்கிலாந்தில் பரவியது. பெருமைதான். ஆனால் ‘சட்டாம்பிள்ளைத்தனம்’ என்ற சொல்லுக்கு இன்று தமிழில் அதட்டி அதிகாரம் செய்வது என்றுதான் பொருள்; எல்லோருக்கும் தெரியும். ஒப்பிக்கவைக்கச் சட்டாம்பிள்ளை போதும். யோசிக்கவைக்க வேறொருவர் வேண்டும்.

அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2000களின் தொடக்கத்தில் இதற்கு ஒரு வழி வகுத்தார்கள். இளங்கலை மாணவர்களையே கற்றல் உதவியாளர்களாகத் தேர்ந்தெடுத்து, வகுப்புக்கு முன் ஆசிரியரோடு அந்த வாரப் பாடத்தைத் தாமே செய்துபார்க்க வைத்தார்கள். எப்படிக் கேட்பது, மற்றவரின் யோசனை எங்கே நிற்கிறது என்று எப்படிக் கண்டுகொள்வது என்பதற்குத் தனியாக ஒரு பாடமும் உண்டு. அதற்குப் பிறகுதான் வகுப்பறை.

எங்களிடம் அந்த வசதி இல்லை. திங்கட்கிழமை மதியம் ஒரு மணி நேரம் இருந்தது. அதில் என் உதவி மாணவர்கள் முதலில் பழகியது காத்திருப்பது. ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு ஒரு நொடி அளவுதான் பொறுக்கிறார்கள், அதை மூன்று நொடியாக்கினாலே பேசாத பிள்ளையும் பேசத் தொடங்குகிறது என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களிலேயே காட்டிவிட்டார். மூன்று நொடி சும்மா நிற்பது எவ்வளவு கடினம் என்று நின்று பார்த்தால்தான் தெரியும். இரண்டாவது, அடுத்தவர் பேனாவைத் தொடக் கூடாது. மூன்றாவது, யார் திணறினார் என்பதை வகுப்புக்கு வெளியே பேசக் கூடாது. ஊரும் தெருவும் சொந்தமும் தெரிந்த இடத்தில் இது சின்ன விஷயமல்ல. தமிழில் விளக்கலாம், தாராளமாக. கலைச்சொல்லை மட்டும் இரு மொழியிலும் சொல்லிவிட வேண்டும்.

இவ்வளவும் செய்யும் பிள்ளைக்குக் கல்லூரி என்ன தருகிறது? ஒன்றுமில்லை. ‘சேவை’ என்கிறார்கள். மாலையில் துணிக்கடையில் நின்று சம்பாதிக்கும் மாணவனிடம் ஒரு மதிய வேளையை இலவசமாகக் கேட்பதற்கு எனக்குக் கூசுகிறது. இதைப் பாடமாக அங்கீகரித்துக் கிரெடிட் கொடுங்கள். சிறு உதவித்தொகையும் கொடுங்கள். நல்ல மதிப்பெண் உள்ளவர்களை மட்டும் தேடவும் வேண்டாம். இந்தப் பருவத்தில் என்னிடமுள்ள சிறந்த உதவியாளர், முதலாமாண்டில் இதே தாளில் தவறி, மறுபடி எழுதித் தேறியவள்.

சென்ற வாரம் அதே பந்து, அதே கேள்வி. ஒரு பையன் ‘சுழியம்’ என்று எழுதியிருந்தான். அவள் விடையைச் சொல்லவில்லை.

“சரிப்பா, வேகம் சுழியம். முடுக்கமும் சுழியம் என்றால் அடுத்த கணம் பந்து என்ன செய்யும்?”

அவன் பேசவில்லை. அவளும் பேசவில்லை. நான் தொலைவில் நின்று மனத்துக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். ஏழு வரை போயிற்று.

“அங்கேயே நின்றுவிடும் அக்கா,” என்றான். பிறகு தானே பேனாவை எடுத்து அடித்தான்.